வீட்டுக் கழிப்பறை அடிக்கடி அடைபடுவது ஏன்?

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வாசலையும் சமையலறையையும் பளிச்சென்று வைத்துக்கொள்ளும் நாம், கழிப்பறையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. ஆண்டு மலரில் இதை எழுதலாமா என்று எங்களுக்கும் முதலில் கூச்சமாகவே இருந்தது. சென்ற ஆடியில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று அக்கூச்சத்தைப் போக்கியது.

தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்பும் ஊர் எங்கள் கொடுமுடி. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டில் உறவினர் நிறைந்துவிடுவர். அன்றைக்கென்று கழிப்பறையும் அடைத்துக்கொள்ளும். மூன்று ஆண்டுகளாக இதே கதைதான். "பொம்பளப் புள்ளைக எதையாச்சும் போட்டிருக்கும்" என்று அமுச்சி சொல்ல, பழி அக்காள் தங்கை எங்கள் இருவர் மீதும் விழும். நாங்கள் எதையும் போடவில்லை. ஆகவே உண்மைக் காரணத்தைத் தேடப் புறப்பட்டோம். அறிவியல் ஆசிரியையிடமும் கேட்டோம். அறிந்தவற்றைத் தோழியருக்குக் கூறுகிறோம்.

கழிப்பறைக் கோப்பைக்கு அடியில் குழாய் வளைந்திருக்கும். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். குழாயிலுள்ள நாற்றமும் வாயுவும் அறைக்குள் வராமல் அந்நீர் தடுக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ஆம் ஆண்டில் இத்தகைய வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். பொருள்கள் சிக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். துணி, பஞ்சு, தலைமுடி, ஷாம்பு உறை, நாப்கின் ஆகியவை நீரில் கரையா. நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போடுவதே முறை.

அடைப்பு எங்கே என்று அறிய எளிய வழி உண்டு. கோப்பைக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே, வீட்டுக்கு வெளியே ஒரு சிறு சேம்பர் இருக்கும். பெரியவர் ஒருவரைக் கொண்டு அதன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். கோப்பையில் நீர் தேங்கியிருக்க, சேம்பர் காலியாக இருந்தால், அடைப்பு வீட்டுப் பக்கம் உள்ளது. ரப்பர் பம்பினால் நான்கைந்து முறை அழுத்தி இழுத்தால் பெரும்பாலும் விலகும். சேம்பரும் நிரம்பியிருந்தால், கோளாறு அதற்கு அப்பால் உள்ளது. குழாய்ச் சரிவு போதாவிட்டாலும் அடிக்கடி அடைக்கும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்தில் 1 அடி சரிவு இருப்பது நல்லது. ஆசிட் ஊற்றுவது தவறு. டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் நச்சு வாயுவும் உண்டாகும்.

எங்கள் வீட்டுச் சேம்பர் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. எங்கள் மீதிருந்த பழியும் அன்றே நீங்கியது!

டேங்கினுள் கசடு அடியில் தங்கும். மேலே தெளியும் நீர் உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் இறங்கும். தங்கிய கசட்டை 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலோ, கட்டிய நாள் முதல் 11 ஆண்டுகளாக எடுக்கவே இல்லை. டேங்க் முழுதும் கசடு. ஆடியில் ஆற்றில் நீர் பெருக, அருகிலுள்ள நிலமும் ஊறி, உறிஞ்சுகுழி நீரை வாங்க மறுத்தது. விருந்தினரும் கூடவே, கழிவுநீர் போக இடமின்றித் திரும்பி வந்தது.

அப்பா ஒருவரை அழைத்து வந்தார். கயிறும் வாளியுமாக வந்த அவர், "நானே எறங்கிப் பாத்துடறனுங்க" என்றார். அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வேண்டாமுங்கண்ணா. லாரி வரட்டும். நாலு நாளு ஆனாலும் பரவாயில்லீங்க" என்றார். டேங்கில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மிகுந்தால் மூக்கின் மணமறியும் சக்தியே போய்விடும். ஆபத்து தெரியாமலே மனிதர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் மடிவார்.

பாதுகாப்பின்றி ஒருவரை இவ்வேலையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாக்கடையில் இறங்கி உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு தந்தையைப் பணம் திருப்பித் தருமா?

இரண்டு நாள் அண்டை வீட்டார் உதவினர். மூன்றாம் நாள் லாரி வந்து, குழாய் வைத்து உறிஞ்சிச் சென்றது. கழிவை எங்கே கொண்டுபோகிறார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும். கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இதற்கெனச் சுத்திகரிப்பு நிலையம் உள்ளது. அத்தகைய இடத்தில் கொட்டாமல் ஓடையில் கொட்டினால், அது நாம் குடிக்கும் ஆற்றுக்கே வந்து சேரும்.

டேங்க் சுத்தம் செய்த தேதியை அப்பா சுவரில் எழுதி வைத்திருக்கிறார். தோழியரே, உங்கள் வீட்டு டேங்கை எப்போது சுத்தம் செய்தார்கள் என்று இன்று மாலையே கேளுங்கள். நாம் காலத்தில் கேட்கும் ஒரு கேள்வி, ஒருவரை அக்குழிக்குள் இறங்காமல் காக்கும்.