கம்பெனி கணக்கு 15, ரோட்டில் 8: சொகுசு கார் குடிக்கும் பெட்ரோலுக்கு டிரைவர் மேல் பழியா?

சென்னை,

"டேங்க் புல் பண்ணி நாலு நாள்தானே ஆச்சு... அதுக்குள்ள காலியா?"

சொகுசு கார் ஓட்டும் டிரைவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடும் என்று சொல்லி வாங்கிய கார் 7, 8 என்று இறங்கினால், முதலாளியின் பார்வை முதலில் டிரைவர் பக்கம்தான் திரும்புகிறது. பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டான் என்ற சந்தேகத்தில் வேலையே போவதும் உண்டு.

ஆனால் பெட்ரோல் எங்கே போச்சு என்பதற்கு காரிலேயே பதில் இருக்கிறது.

உருளை மேல் ஓட்டம்

பென்ஸ் இ கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் போன்ற பெட்ரோல் கார்களுக்கு சொல்லப்படும் மைலேஜ், ரோட்டில் ஓட்டிப் பார்த்து எடுத்தது அல்ல. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையங்களில், காரின் சக்கரங்களை உருளை மேல் நிறுத்தி ஓட்டி எடுத்தது.

இந்த ஓட்டம் மொத்தமே 20 நிமிடத்துக்கும் சற்று குறைவு. தூரம் சுமார் 10½ கிலோ மீட்டர். அதிகபட்ச வேகம் 90. ஏ.சி. போட மாட்டார்கள். நடுநடுவே நிற்கும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் 5 நிமிடம் வராது.

அண்ணாசாலையில் நிலைமையே வேறு. 1,600 கிலோவுக்கு மேல் எடை உள்ள காரை, சிக்னலுக்கு சிக்னல் நிறுத்தி மறுபடி இழுக்க வேண்டும். இதோடு ஏ.சி.யும் ஓட வேண்டும். இதற்கே மைலேஜ் பாதியாகிவிடும்.

நிற்கிற காரும் குடிக்கும்

முதலாளி வரும்போது கார் சில்லென்று இருக்க வேண்டும் என்பதற்காக, பல டிரைவர்கள் ஏ.சி. போட்டபடி காத்திருக்கிறார்கள். 2 லிட்டர் என்ஜின் உள்ள கார் இப்படி நின்றால் மணிக்கு சுமார் 1 லிட்டர் காலி.

உதாரணத்துக்கு, 20 கிலோ மீட்டர் ஓட 2 லிட்டர் செலவானால் மைலேஜ் 10. அதே நாளில் 2 மணி நேரம் ஏ.சி.யோடு நின்றால் இன்னொரு 2 லிட்டர். மொத்தம் 4 லிட்டர். இப்போது மைலேஜ் வெறும் 5! ஓட்டியதில் டிரைவர் மேல் ஒரு குறையும் இல்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஐரோப்பாவில் இது மாதிரியான பழைய சோதனை முறையை 2017-ல் இருந்து மாற்றினார்கள். அப்படியும், பெட்ரோல் கார்கள் சொன்ன அளவைவிட ரோட்டில் சுமார் 24 சதவீதம் கூடுதலாக குடிப்பதாக ஐரோப்பிய கமிஷன் 2024-ல் தெரிவித்தது.

ஆதாரம் எடுப்பது எப்படி?

பங்க்கில் டேங்கை நிரப்பி, தானாக கட் ஆனதும் நிறுத்துங்கள். டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே பங்க்கில் அதே போல நிரப்புங்கள். 310 கிலோ மீட்டர் ஓடி 38 லிட்டர் பிடித்தால், மைலேஜ் 8-க்கு சற்று மேல்.

இனி காரின் திரையில் காட்டும் சராசரி மைலேஜைப் பாருங்கள். அது என்ஜினுக்குள் போன பெட்ரோலை வைத்து கார் போடும் கணக்கு. டேங்க்கில் இருந்து யாராவது எடுத்திருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. பில் கணக்கில் மட்டும்தான் உதைக்கும்.

இரண்டும் ஒட்டி வந்தால் பெட்ரோல் என்ஜினில்தான் எரிந்திருக்கிறது. சிறு வித்தியாசம் சகஜம். பெரிய வித்தியாசம் என்றால்தான் பெட்ரோல் ஒழுகுகிறதா, வேறு வழியில் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

திரையில் சராசரி வேகமும் தெரியும். சோதனையில் அது மணிக்கு சுமார் 32 கிலோ மீட்டர். உங்கள் காரில் 12, 15 என்று காட்டினால், கார் நெடுநேரம் நின்றோ ஊர்ந்தோ இருக்கிறது என்று அர்த்தம்.

டயர் காற்றை அடிக்கடி சரிபார்ப்பதும், சும்மா நிற்கும்போது என்ஜினை அணைப்பதும் பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு முறையும் பில்லோடு திரையையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். "பெட்ரோல் எங்கே போச்சு?" என்று கேட்கும்போது டிரைவர் தலைகுனிய வேண்டியதில்லை.