ஒட்டகச்சிவிங்கியின் காலடியில்

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் இருபதாவது திருமண நாளுக்கு, நானும் மனைவியும் ஆப்பிரிக்கா போகாமலே சஃபாரி போனோம். மெல்போர்னிலிருந்து தென்மேற்கே 30 கிலோமீட்டர் தூரத்தில் வெரிபீ திறந்தவெளி விலங்குக் காட்சியகம் இருக்கிறது. 225 ஹெக்டேர் நிலம். அங்கே கூடாரத்தில் ஓர் இரவு தங்கலாம் என்று மகள் பதிவு செய்து கொடுத்திருந்தாள். துணிக்கூடாரம்தான், ஆனால் உள்ளே கட்டில், மெத்தை எல்லாம் உண்டு. வெளியே மரத்தளத்தில் இரண்டு நாற்காலிகள். கீழே சரிவில் ஒட்டகச்சிவிங்கிகளும் வரிக்குதிரைகளும் காண்டாமிருகங்களும் மேய்ந்துகொண்டிருந்தன.

பொழுது சாய்ந்ததும் வண்டிச் சத்தமெல்லாம் அடங்கியது. அப்போது காண்டாமிருகம் மேயும் சத்தம் கேட்டது. அகன்ற உதட்டைத் தரையோடு ஒட்டவைத்துப் புல்லை இழுத்து அறுக்கும் சத்தம். ஊரில் வைக்கோல்போரிலிருந்து மாடு பிடுங்கித் தின்கிற அதே சத்தம். தென்னாப்பிரிக்க வெள்ளைக் காண்டாமிருகம் அது. 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் நூறுக்கும் கீழே போன இனம், மனிதர் பொறுப்பெடுத்துக் காத்ததால் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வழிகாட்டிப் பெண் ஒரு விஷயம் சொன்னார். இந்த வளாகத்தில் மிகவும் அரிய விலங்கு சிங்கமோ காண்டாமிருகமோ அல்ல. இந்த மண்ணுக்கே சொந்தமான வரிப் பேண்டிகூட். அதைக் காட்சிக்கு நிறுத்துவதில்லை, பின்னால் தனியாக வைத்து இனப்பெருக்கம் செய்கிறோம் என்றார்.

மனைவி என் பக்கம் சாய்ந்தாள். "பேண்டிகூட்னா நம்ம பெருச்சாளி இல்லையா? அதையா வளக்குறாங்க? எங்கப்பா வருசம் பூரா கிட்டி வச்சுப் பிடிச்சாரே!"

அவள் தஞ்சைப் பக்கம். வரப்பைத் துளைத்துத் தண்ணீரை வடியவிட்டு, கதிரைக் கத்தரித்து வளைக்குள் சேர்த்துவைக்கும் பெருச்சாளியோடு மாமனார் ஆயுள் முழுக்கப் போராடினார். அவள் கேட்டதில் தவறே இல்லை. அந்தச் சொல் நம் பக்கத்திலிருந்து போனதுதான். தெலுங்கில் பெருச்சாளிக்குப் பெயர் பந்திகொக்கு. பந்தி என்றால் பன்றி, கொக்கு என்றால் எலி, பன்றி எலி. ஆங்கிலேயர் வாயில் அது பேண்டிகூட் ஆனது. பிறகு ஆஸ்திரேலியாவில் கூர்மூக்கோடு மண்ணைக் கிளறும் ஒரு பிராணியைக் கண்டதும் இந்தியாவில் பழகிய பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள்.

பெயர் ஒன்றே தவிர உறவு மிகத் தூரம். பெருச்சாளி கொறிவிலங்கு, தாய் வயிற்றுக்குள்ளேயே குட்டி வளர்ந்து பிறக்கும் நம் கூட்டத்தைச் சேர்ந்தது. பேண்டிகூட் கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி. இந்த இரண்டு கூட்டங்களும் சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. ஆகவே மாமனார் வயல் பெருச்சாளிக்கு ஆஸ்திரேலியப் பேண்டிகூட்டைவிட நெருங்கிய சொந்தம் யார் என்றால், அதோ நிற்கும் ஒட்டகச்சிவிங்கி. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இருவருந்தான். இதை மனைவியிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் அந்த ஒட்டகச்சிவிங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிப் பேண்டிகூட் முயல்குட்டி அளவுதான் இருக்கும். எடை சுமார் முக்கால் கிலோ. பின்புறத்தில் மூன்று நான்கு வெளிறிய பட்டைகள், அதனால்தான் அந்தப் பெயர். பகலெல்லாம் புல்லை விரித்துக் கட்டிய கூட்டில் உறங்கி, இருட்டியதும் கிளம்பும். மூக்கைத் தரையில் ஊன்றி, முன்னங்கால் நகங்களால் பறித்து, கூம்பு மாதிரி ஒரு சிறு குழி போடும். உள்ளே மண்புழுவோ வண்டுப்புழுவோ கிடைத்தால் தின்றுவிட்டு அடுத்த குழிக்குப் போகும். தோண்டும் மண் குட்டிகள் மேல் விழாதபடி வயிற்றுப் பையின் வாய் பின்பக்கமாகத் திறக்கும். சினைக்காலம் பன்னிரண்டரை நாள்தான். பாலூட்டிகளிலேயே மிகக் குறுகிய சினைக்காலங்களில் ஒன்று. பிறக்கும்போது குட்டி ஒரு சோற்றுப் பருக்கை அளவு. தொப்புள்கொடி அறுபடாமல் கயிறுபோல் கூடவே வர, அதைப் பற்றுக்கோடாகக் கொண்டே பைக்குள் ஊர்ந்து போய்விடும். பெண் பிறந்த மூன்று நான்கு மாதத்தில் தானே தாயாகிவிடும். ஆண்டுக்குப் பல ஈற்றுகள்.

இப்படிப் பெருகத் தெரிந்த இனம் எப்படி அழியும்? அந்தக் கேள்விக்குப் பதில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தது.

மெல்போர்னின் மேற்கு எல்லையில் தொடங்கித் தெற்கு ஆஸ்திரேலிய எல்லைப் பக்கம் வரை எரிமலைக் குழம்பு ஆறிப் படிந்த பசால்ட் சமவெளி விரிகிறது. ஒரு காலத்தில் முழுவதும் புல்வெளி. அங்கே மண்டியிருந்த முக்கியமான புல்லை இங்கே கங்காரு புல் என்பார்கள். ஆப்பிரிக்கச் சவன்னாவில் வரிக்குதிரை மேய்வதும் இதே இனப் புல்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகளிலும் இதன் உறவுப் புற்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவைக் காட்ட இந்தச் சமவெளி பொருந்திப் போவதற்கு அடியில் இப்படி ஒரு காரணமும் உண்டு. ஆனால் அசல் புல்வெளியில் இன்று நூற்றுக்கு இரண்டு பங்குகூட மிஞ்சவில்லை. ஆடு மேய்ந்தது, ஏர் உழுதது, கடைசியாக வீட்டுமனை வந்தது. வெரிபீயிலும் டார்னீட்டிலும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக் குடியிருக்கிறோமே, அந்த மனைகளும் அந்தப் புல்வெளிதான். என் வீடும் அதில் அடக்கம்.

ஆட்டுக்கு முன்பு இந்த மண் எப்படி இருந்தது என்று கற்பனை செய்வதுகூட இப்போது கடினம். இப்பகுதியின் பூர்வகுடிப் பெண்கள் முர்நொங் என்ற கிழங்கை அகழ்கோலால் தோண்டி எடுத்தார்கள். தோண்டத் தோண்ட மண் பொலபொலவென்று இளகியது, கிழங்கும் பெருகியது. இரவில் பேண்டிகூட் அதே வேலையைச் செய்தது. ஒரே பேண்டிகூட் ஓர் இரவில் ஏறத்தாழ 500 குழிகள் தோண்டுவதை ஆய்வாளர்கள் எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு அது புரட்டும் மண் சுமார் 4.8 டன். முக்கால் கிலோ உடம்பு! அந்தக் குழிகளில் மழைநீர் தங்கும், சருகு விழுந்து மக்கும், விதை ஒதுங்கி முளைக்கும். உழவன் மகளான என் மனைவிக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்ப இது வரப்பை ஒடைக்கிறது இல்ல, உழுது குடுக்குறது" என்றாள்.

அழிவுக்கு இன்னொரு காரணம் ஒரு வேட்டைக் கதை. காட்சியகத்தை ஒட்டி 1874-க்கும் 1877-க்கும் இடையில் எழுந்த ஒரு பெரிய மாளிகை இன்றும் நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆட்டுப்பண்ணையில் பெருஞ்செல்வம் சேர்த்த தாமஸ், ஆண்ட்ரூ சர்ன்சைட் சகோதரர்கள் கட்டியது. காட்சியகம் 1983-இல் திறக்கப்பட்டதும் அவர்கள் பண்ணையாக இருந்த நிலத்தில்தான். தாய்நாட்டுப் பிரபுக்களைப் போல இங்கேயும் குதிரையேறி வேட்டையாட ஆசைப்பட்டு அந்தக் குடும்பம் மான்களைக் கொண்டுவந்தது. 1870 வாக்கில் செந்நரிகளையும் கொண்டுவந்து விட்டது. ஆஸ்திரேலியாவில் செந்நரி வேரூன்றிய முதல் இடங்களில் வெரிபீ பார்க்கும் பாயிண்ட் குக்கும் அடங்கும். அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1859 கிறிஸ்துமஸ் நாளில், இன்னொரு பண்ணைக்காரரான தாமஸ் ஆஸ்டினுக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்கள் மெல்போர்ன் துறைமுகத்தில் வந்திறங்கியிருந்தன. இன்றைய ஆஸ்திரேலிய முயல்களில் பெரும்பாலானவை அந்த ஒரே சரக்கின் வழிவந்தவை என்று 2022-இல் மரபணு ஆய்வு உறுதி செய்தது.

முயலும் நரியும் சேர்ந்ததுதான் பேரழிவு. வெறும் பேண்டிகூட்டை மட்டும் நம்பியிருந்தால், அது அரிதாகும்போது நரியும் பட்டினியால் குறைந்திருக்கும். முயல் இருந்ததால் நரிக்குச் சோற்றுக்குப் பஞ்சமே வரவில்லை. முயல் பெருகும்போது நரி பெருகும்; முயல் குறையும்போது அத்தனை நரிகளும் பேண்டிகூட் பக்கம் திரும்பும். பேண்டிகூட்டுக்கோ நரியின் வாடை பழக்கமில்லாதது, ஒதுங்க வேண்டும் என்ற உணர்வே இல்லை. நூறாண்டு முடிவதற்குள், வெப்பமண்டல வடக்கு நீங்கலாக, கண்டமெங்கும் நரி பரவியது. நரி வேரூன்றாத டாஸ்மேனியா தீவில் இதே வரிப் பேண்டிகூட் காட்டில் தப்பிப் பிழைத்திருக்கிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பெருநிலத்தில் கடைசிக் கூட்டம் மிஞ்சிய இடம் எது தெரியுமா? மேற்கு விக்டோரியாவில் ஹாமில்டன் என்ற ஊர். அதன் குப்பைமேடும் சுற்றுப்புறமும். துருப்பிடித்துக் கிடந்த பழைய கார்களுக்குள் அவை குடியிருந்தன. நரி நுழைய முடியாத சந்துகள் அந்தத் தகரங்களுக்கு இடையில்தான் கிடைத்தன. 1988-இல் அங்கிருந்து சிலவற்றைப் பிடித்துக் கூண்டு இனப்பெருக்கம் தொடங்கினார்கள். பிற்பாடு மெல்போர்ன், வெரிபீ காட்சியகங்கள் அந்தப் பொறுப்பை ஏற்றன. வளர்த்து வெளியே விட்டதும் பல இடங்களில் நரி நுழைந்து தின்று தீர்த்தது. வேலி போட்டார்கள், வறட்சி வந்தது. மறுபடி விட்டார்கள். முப்பதாண்டுகள் இதையே செய்தார்கள். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலந்து இனம் பலவீனப்படாதிருக்க, டாஸ்மேனியப் பேண்டிகூட்டோடு கலந்து மரபணு வளத்தைக் கூட்டும் முயற்சியும் நடந்தது. 2021 செப்டம்பரில் விக்டோரியா அரசு, காட்டில் அற்றுப்போன இனம் என்ற பட்டியலிலிருந்து இதை எடுத்து, ஆபத்திலிருக்கும் இனம் என்று மாற்றியது. ஆஸ்திரேலியாவில் வேறு எந்த விலங்குக்கும் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது காவல்நாய்க் கதை. வார்னம்பூல் கடற்கரையை ஒட்டி மிடில் தீவு என்ற சின்னஞ்சிறு தீவு உண்டு. கடல் வற்றும்போது நரிகள் நடந்தே போய்ப் பென்குயின்களைக் கொன்றன. 2005-இல் எஞ்சியவை பத்துக்கும் குறைவு. உள்ளூர்க் கோழிப்பண்ணைக்காரர் ஒருவரின் யோசனைப்படி 2006 முதல் அங்கே மாரெம்மா நாய்களைக் காவல் வைத்தார்கள், பென்குயின்கள் திரும்பின. மாரெம்மா இத்தாலிய மலைநாட்டு ஆட்டுக்காவல் நாய். நம் கீதாரிகள் கிடை மறிக்கும்போது கூடவே படுத்திருக்கும் நாயைப் போல. உடல் பெரியது, நிறம் வெள்ளை. அந்தப் பாடத்தை வெரிபீயில் பேண்டிகூட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பேண்டிகூட் தனியாக, இரவில் திரியும் பிராணி, நாயோடு பழகாது. அதனால் நாயை ஆட்டு மந்தையோடு பழக்கினார்கள். பேண்டிகூட்டைத் துரத்தாமல் விட்டுவிடப் பயிற்சி கொடுத்தார்கள். நாய் ஆட்டைக் காக்கும். அதன் வாடையும் குரைப்பும் நரியை ஒதுக்கும். ஆடு மேயும் புல்லுக்குள் பேண்டிகூட் நிம்மதியாக இருக்கும். மேற்கு விக்டோரியாவில் ஸ்கிப்டனிலும் டன்கெல்டிலும் வேலியே இல்லாத மேய்ச்சல் நிலங்களில் இதைச் சோதித்தார்கள். எந்த ஆட்டுக்காகப் புல்வெளி போனதோ அந்த ஆட்டையே காவலுக்குத் துணை சேர்த்திருக்கிறார்கள்.

வெரிபீயில் அன்று யானைகள் கிடையாது. 2025 பிப்ரவரியில் மெல்போர்ன் காட்சியகத்திலிருந்து ஒன்பது ஆசிய யானைகள் 21 ஹெக்டேர் புதிய வளாகத்துக்கு வந்து சேர்ந்தன. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பார்க்கட்டும், யானையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனாலும் போகிறவர்கள் நம் பிள்ளைகளுக்குப் பேண்டிகூட்டின் பெயரையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயரே நம் பக்கத்திலிருந்து போனதுதானே.

அன்றிரவு நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தது அடுத்த கோடையில், ஃபிலிப் தீவில். அந்தத் தீவின் சம்மர்லேண்ட் முனையில் ஒரு குடியிருப்பே இருந்தது. பென்குயின்களுக்காக அங்குள்ள வீடுகளையும் மனைகளையும் திரும்ப வாங்கிவிட 1985-இல் அரசு முடிவெடுத்து, 2010 வரை ஒவ்வொன்றாக வாங்கி, இடித்து, நிலத்தைப் பறவைகளுக்கு விட்டது. 2017-இல் தீவு நரியற்றதென்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு வரிப் பேண்டிகூட்டுகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். பென்குயின்கள் கரையேறுவதைப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பும்போது, சாலையோரப் புல்லில் ஏதோ அசைந்தது. கூர்மூக்கு, பெரிய காது, பின்புறத்தில் பட்டை. எங்களைக் கண்டதும் ஒரு கணம் நின்றது. பிறகு பொருட்படுத்தாமல் மூக்கை மண்ணுக்குள் நுழைத்தது. என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மூச்சுக்கூட விடவில்லை.

மறுநாள் காலை அதே பக்கம் நடக்கப் போனோம். அது தோண்டிய குழி அங்கேயே இருந்தது. விரல் நீளம் ஆழம், கூம்பு வடிவம், ஓரத்தில் ஈரம் காயாத மண். அவள் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணெடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்தாள், நாற்றங்காலுக்குப் பதம் பார்ப்பது போல. இரண்டடி தள்ளி இன்னொரு குழி. அப்புறம் இன்னொன்று. புதர் வரை எண்ணிக்கொண்டே போனாள். பதினேழு வரை எண்ணியபோது தூறல் விழத் தொடங்கியது. குழிகளில் தண்ணீர் தங்குகிறதா என்று பார்க்க அவள் அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள்.