99 விழுக்காடு சரி, ஆனாலும் தோல்வி!

மாணவர்களே, உங்கள் புருவத்துக்குக் கீழே விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கடினமான எலும்பு விளிம்பு தட்டுப்படும். அதுதான் கண்குழியின் வாசல். ஏழு எலும்புகளால் ஆன இக்குழியின் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான். அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அதற்குள் விழிக்கோளம், அதை அசைக்கும் ஆறு தசைகள், பார்வை நரம்பு, இரத்தக் குழாய்கள், கொழுப்பு எல்லாம் நெருக்கமாக அமைந்துள்ளன.

இவ்வளவு சிறிய இடத்தில் ஒன்று வீங்கினால் இன்னொன்று நசுங்கும். தைராய்டு கண் நோயில் தசைகள் தடித்துப் பார்வை நரம்பை அழுத்தலாம். வேகமாக வந்த பந்து கண்ணில் பட்டால், குழியின் மெல்லிய கீழ்த்தளம் உடைந்து கண் உள்வாங்கலாம். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியலாம். தசை எவ்வளவு தடித்திருக்கிறது, குழி எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று அளந்தால் சிகிச்சையைத் திட்டமிட உதவும்.

அளப்பதற்கு முன், சிடி ஸ்கேன் படத்தில் ஒவ்வோர் உறுப்பின் எல்லையையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரு நோயாளிக்கே பல படங்கள் இருக்கும். கையால் வரைய நேரம் பிடிக்கும். இந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கலாமா?

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, கொழுப்புக்கு ஏறக்குறைய -100, தடித்த எலும்புக்குப் பல நூறு. எனவே கொழுப்பையும் தடித்த எலும்பையும் எண்ணை வைத்தே பிரிக்கலாம். ஆனால், தசைக்கும் பார்வை நரம்புக்கும் எண்கள் ஏறக்குறைய ஒன்றே. வடிவமும் இருப்பிடமும் தெரிந்தால்தான் அவற்றைப் பிரிக்க முடியும்.

இங்கே கைகொடுப்பது ஆழ்கற்றல். 2015ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலாஃப் ரோனெபெர்கர், பிலிப் ஃபிஷர், தாமஸ் புரோக்ஸ் மூவரும் ‘யு-நெட்’ முறையை வெளியிட்டனர். நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களைப் பிரிக்கப் பயன்பட்ட இம்முறை, இன்று கண்குழி ஸ்கேன்களுக்கும் உதவுகிறது. அது படத்தைப் படிப்படியாகச் சுருக்கி, ‘இது என்ன’ என்று அறிகிறது. பிறகு விரித்து, ‘சரியாக எங்கே’ என்று குறிக்கிறது. நிபுணர்கள் எல்லை வரைந்து தந்த படங்களே அதற்குப் பாடநூல்.

சரி, இந்த மாணவனுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஒரு படத்தில் 512 × 512, அதாவது 262,144 புள்ளிகள். அவற்றில் பார்வை நரம்பு 300 புள்ளிகள் என வைத்துக்கொள்வோம். “இப்படத்தில் நரம்பே இல்லை” என்று கணினி சொன்னாலும், 99.8 விழுக்காட்டுக்கு மேல் ‘சரி’ ஆகிவிடும்! ஆனால், நோயாளிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

அதனால் ஆய்வாளர்கள் டைஸ் கெழுவைப் பயன்படுத்துகிறார்கள். மருத்துவர் குறித்தவை 300, கணினி குறித்தவை 260, இரண்டிலும் பொதுவானவை 240 என்றால்:

2 × 240 ÷ (300 + 260) = 0.86

முழுப் பொருத்தத்துக்கு 1. நரம்பே இல்லை என்ற கணினிக்கு 0.

இப்போது உங்கள் முறை. மருத்துவரும் கணினியும் ஆளுக்கு 200 புள்ளிகள் குறித்தனர், பொதுவானவை 150. விடை 0.75. அளவு ஒன்றாக இருந்தும் இடம் மாறிவிட்டது, கவனித்தீர்களா? தவறிய புள்ளிகள் நரம்பு நசுங்கும் இடத்திலேயே இருந்தால், பார்வைக்கே ஆபத்து. அதை இந்த எண் சொல்லாது. ஆகவேதான், கணினி வரைந்த எல்லையை மருத்துவரின் கண்கள் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.