மாத்திரையைப் பிளத்தல்

மாத்திரை என்னும் சொல்லுக்கு அளவு என்பது பொருள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என இலக்கணம் ஒலியை அளந்து கூறும். மருந்துக்கும் அப்பெயர் பொருத்தமே. ஒரு வேளைக்குரிய அளவு அதனுள் அடங்கியுள்ளதன்றோ? எனினும், முழு மாத்திரை மிகுதி எனக் கருதும் மருத்துவர் சில வேளைகளில் பாதி உண்ணுமாறு பணிப்பதுண்டு. எல்லா மாத்திரைகளும் பிளத்தற்கு உரியன அல்ல.

எளிய மாத்திரையில் மருந்தும் மாவுப்பொருளும் சீராகக் கலந்து அழுத்தப்பட்டிருக்கும். அதனை நேர்பாதியாகப் பிளந்தால் மருந்தும் ஏறத்தாழப் பாதியாகும். இதன் பொருட்டே பல மாத்திரைகளின் நடுவே பள்ளமாக ஒரு கோடு இடப்பட்டுள்ளது. விழுங்குதற்கு எளிதாக உடைப்பதற்கென்றே இட்ட கோடுகளும் உள. அவை அளவைச் சரியாகப் பங்கிடமாட்டா. ஆதலின் மருந்துடன் வரும் குறிப்பைப் படித்தறிதல் வேண்டும்.

வேறு சில மாத்திரைகள் மேலுறை பூண்டவை. பான்டோபிரசோல் என்னும் மருந்து இரைப்பையின் அமிலம் பட்டால் சிதைந்துவிடும்; குடல்வரை அதனைக் காத்துச் செல்வது அவ்வுறையே.

இவற்றினும் அஞ்சத்தக்கவை, மருந்தைச் சிறிது சிறிதாக நெடுநேரம் விடுவிக்குமாறு செய்யப்பட்டவை. குருதியழுத்தம் மிக்க முதியவர் ஒருவர் நிபெடிபின் என்னும் மருந்தை இவ்வடிவில் உண்பதாகக் கொள்க. அளவைக் குறைக்கவே அவர் அதனைப் பிளக்கிறார். ஆனால், பல மணி நேரத்திற்குரிய மருந்து விரைந்து வெளிப்பட்டுக் குருதியில் கலக்கிறது. அழுத்தம் திடீரெனத் தாழ்கிறது, தலை சுழல்கிறது, எழுந்து நின்றவர் வீழ்கிறார். பாதி மாத்திரை முழு மாத்திரையினும் கொடிதாயிற்று! இதற்கும் விலக்கு உண்டு. மெட்டோபுரோலால் சக்சினேட் என்னும் மருந்தின் நீடித்த வகைகள் சிலவற்றில், தனித்தனி உறை பூண்ட நுண்மணிகள் நிறைந்திருக்கும். பிளந்தாலும் மணிகள் தம் உறையோடு நிற்கும். ஆகவே கோட்டின் வழியே பிளக்கலாம், மெல்லுதல் ஆகாது. இவ்விருவகையையும் தோற்றத்தால் பிரித்தறிதல் அரிது. மருந்தாளுநரைக் கேட்டே அறிதல் வேண்டும்.

இதய நோய்க்குரிய டிகாக்சின் மாத்திரையொன்றில் 0.25 மில்லிகிராம் மருந்தே இருக்கும். நலம் செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அதில் மிகச் சிறிது. ஒரு பாதி பெரிதாகவும் மறுபாதி சிறிதாகவும் உடைவதை அத்தகைய மருந்து பொறாது. குறைந்த அளவிற்கென்றே செய்த மாத்திரை கிடைக்குமாயின் அதுவே ஏற்றது.

பிளக்கத்தக்க மாத்திரையையும் அடுக்களைக் கத்தியால் வெட்டினால் தெறித்தோடும், பாதி பொடியாகும். அதற்கெனச் சிறு கருவி மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. ஒரு திங்களுக்கு வேண்டியவற்றை ஒரே நாளில் பிளந்து வைத்தலும் தவறு. வெட்டிய முகத்தைக் காற்றும் ஈரமும் கெடுக்கும். ஒன்றைப் பிளந்தபின் அதன் மறுபாதியை அடுத்த வேளைக்கே உண்ணுதல் நன்று. முதற்பாதியில் குறைந்தது பெரும்பாலும் அதில் வந்து சேரும்.