அப்பாவா, அம்மாவா, இருவருமா? பேங்க் ஃபார்ம் கேட்கும் இங்கிலீஷ் கிராமர்!

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், காவிரிக் கரையோரம் இருக்கிறது ஜீயபுரம். வாழையும் நெல்லும் விளைகிற பகுதி. இங்கே ஒரு கணவனும் மனைவியும் பேங்கில் கூட்டுக் கணக்கு தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஆதார், பான், போட்டோ எல்லாம் முடிந்த பிறகு ஃபார்மில் ஒரு சின்னக் கட்டம் வரும். ‘மோட் ஆஃப் ஆபரேஷன்’, அதாவது இந்தக் கணக்கை யார் இயக்கலாம் என்ற கேள்வி. எதிரே சில ஆங்கிலச் சொற்கள் இருக்கும். “எங்கே டிக் போடணும்?” என்று கேட்டு, கை காட்டும் இடத்தில் டிக் போட்டுவிட்டு வருபவர்கள் பலர்.

ஆனால், அந்தக் கட்டத்தில் இருப்பது ஆறாம் வகுப்பிலிருந்தே நம்மைப் படுத்தி எடுக்கும் அதே ஆங்கில இலக்கணம்தான். ‘ஈதர்... ஆர்’, ‘போத்... அண்ட்’ என்று ஜோடியாக வரும் இணைப்புச் சொற்கள். பரீட்சையில் தவறினால் ஒரு மார்க் போகும். ஃபார்மில் தவறினால்?

ஒரு ‘ஆர்’ செய்யும் வேலை

‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்றால், இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகவே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். ஒருவர் இறந்துவிட்டால், மற்றவர் தொடர்ந்து கணக்கை இயக்கலாம்.

‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால், முதலில் பெயர் எழுதியவர் மட்டுமே இயக்க முடியும். அவர் காலத்துக்குப் பிறகுதான் அடுத்தவருக்கு உரிமை. இங்கே ‘ஃபார்மர்’ என்பது விவசாயி அல்ல. ‘முன்னவர்’ என்று பொருள்.

‘ஜாயின்ட்லி’ என்றால், ஒவ்வொரு முறையும் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இது பெரும்பாடு.

ஃபிக்சட் டெபாசிட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று போட்டிருந்தால், முதிர்வுத் தேதியில் பணம் வாங்க ஒருவர் கையெழுத்தே போதும். அதற்கு முன்பே டெபாசிட்டை முறிப்பதானால், இருவரும் உயிரோடு இருக்கும்போது இருவர் கையெழுத்தும் கேட்கப்படலாம்.

கடன் பத்திரத்தில் வரும் ‘ஜாயின்ட்லி அண்ட் செவரலி’ இன்னும் கவனிக்க வேண்டியது. ‘சேர்ந்தும், தனித்தனியாகவும்’ என்று அர்த்தம். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் ஆளுக்குப் பாதி என்று நினைத்துவிடக் கூடாது. முழுக் கடனையும் ஒருவரிடமே கேட்க அந்த ‘அண்ட்’ வழிவிடுகிறது.

தமிழில் பின்னால், ஆங்கிலத்தில் முன்னால்

இந்த ஜோடிச் சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. தமிழில் ‘உம்’ என்ற ஒரு சின்ன இடைச்சொல் இந்த வேலையைச் செய்கிறது. அதற்கு எட்டுப் பொருள்கள் உண்டு என்று தொல்காப்பியமே பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஒன்றுதான் பள்ளியில் படித்த எண்ணும்மை. ‘காவிரியும் கொள்ளிடமும்’ என்று அடுக்குகிறோமே, அதேதான்.

வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. தமிழ், சொல்லின் வாலில் ஒட்டும். ஆங்கிலம், சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும்.

* உம்... உம்: ‘போத்... அண்ட்’. ஜீயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முக்கொம்பில்தான் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம். இதை ‘போத் தி காவேரி அண்ட் தி கொள்ளிடம் ஃப்ளோ பாஸ்ட் ஸ்ரீரங்கம்’ என்று சொல்லலாம். ‘போத்’ வந்துவிட்டால் வினைச்சொல் பன்மைதான்.

* ஓ... ஓ: ‘ஈதர்... ஆர்’. ஜீயபுரத்திலிருந்து திருச்சிக்கு பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ‘யூ கேன் கோ ஈதர் பை பஸ் ஆர் பை ட்ரெயின்.’ முதல் பக்கம் ‘பை பஸ்’ என்றால், அடுத்த பக்கமும் ‘பை ட்ரெயின்’. தராசின் இரண்டு தட்டும் சமமாக இருக்க வேண்டும்.

* உம் இல்லை... உம் இல்லை: ‘நீதர்... நார்’. ‘நீதர் தி பஸ் நார் தி ட்ரெயின் கேம்.’

* மட்டுமல்ல... உம்: ‘நாட் ஒன்லி... பட் ஆல்ஸோ’. ‘ஷி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி டமில் பட் ஆல்ஸோ ஹிந்தி.’

இதில் அதிகம் சறுக்குவது மூன்றாவதில்தான். ‘பஸ்ஸும் வரல, ட்ரெயினும் வரல’ என்னும்போது தமிழில் ‘இல்லை’ வினைச்சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘நீதர் தி பஸ் நார் தி ட்ரெயின் டிட் நாட் கம்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘நீதர்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘இல்லை’ இருக்கிறது. மறுபடி ‘நாட்’ தேவையில்லை.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். ‘ஈதர்... ஆர்’, ‘நீதர்... நார்’ இரண்டிலும் வினைச்சொல், தனக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரின் பேச்சைத்தான் கேட்கும். ‘நீதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ் வேர் தேர்.’ பக்கத்தில் இருப்பது ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்பதால் ‘வேர்’.

உச்சரிப்பில் பயம் வேண்டாம். ஈதர், ஐதர், நீதர், நைதர் எல்லாமே சரி.

ஒரே ‘நானும்’, இரண்டு கதவு

“எனக்கு காபி பிடிக்கும்.” “எனக்கும்தான்.”

“எனக்கு காபி பிடிக்காது.” “எனக்கும்தான்.”

தமிழில் இரண்டுக்கும் ஒரே பதில். ஆங்கிலத்தில் ஆமாம் என்பதற்கு ஒரு கதவு, இல்லை என்பதற்கு இன்னொரு கதவு. முதலாவதற்கு ‘ஸோ டூ ஐ’. இரண்டாவதற்கு ‘நீதர் டூ ஐ’. அதற்கு ‘மீ டூ’ என்றோ ‘மீ ஆல்ஸோ டோன்ட் லைக்’ என்றோ சொல்வது பொருந்தாது. சகஜமான பேச்சில் ‘மீ நீதர்’ போதும்.

நடுவில் வரும் துணை வினையை எங்கே தேடுவது? எதிரில் இருப்பவர் சொன்ன வாக்கியத்திலேயே இருக்கிறது.

“ஐ ஆம் ஃப்ரம் ஜீயபுரம்.” “ஸோ ஆம் ஐ.”

“ஐ கான்ட் ஸ்விம்.” “நீதர் கேன் ஐ.”

“ஐ வென்ட் டு முக்கொம்பு.” “ஸோ டிட் ஐ.”

கடைசி வாக்கியத்தில் துணை வினை வெளியே தெரியவில்லை. நடந்து முடிந்த செயல் என்பதால் ‘டிட்’ வருகிறது.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ‘ஸோ ஹாவ் ஐ’ என்றால் ‘எனக்கும்தான்’. ‘ஸோ ஐ ஹாவ்’ என்றால் ‘அட, ஆமாம்ல!’ சட்டையில் மை பட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிற பதில் இது.

கவுன்ட்டரில் ‘யெஸ்’ சொல்லும் முன்...

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமானம் ஏறுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அங்கே கவுன்ட்டரில் ஒருவர், “யூ ஆர் நாட் கேரியிங் எனி ஃபுட்?” என்று கேட்கிறார். பையில் உணவு எதுவும் இல்லை. “ஆமாம் சார், இல்லை” என்ற தமிழ் நினைப்பில் “யெஸ்” என்கிறோம். கேட்டவருக்கு அது ‘ஆமாம், கொண்டுவந்திருக்கிறேன்’ என்றும் கேட்கலாம். பையைத் திறக்கச் சொல்லலாம்.

தமிழ் ‘ஆமாம்’ எதிரில் இருப்பவரின் பேச்சை ஒப்புக்கொள்கிறது. ஆங்கில ‘யெஸ்’, ‘நோ’ உண்மை நிலவரத்தைச் சொல்கின்றன. இல்லை என்றால், கேள்வி எப்படி வந்தாலும் “நோ, ஐ ஆம் நாட்” என்று முழுதாகச் சொல்லிவிடுவதே பாதுகாப்பு.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் வந்ததல்ல. இத்தாலியிலிருந்து வந்து, திருச்சி வட்டாரத்தில் பல காலம் வாழ்ந்த வீரமாமுனிவர், ஐரோப்பியப் பாதிரியார்கள் தமிழ் கற்பதற்காகவே பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். ‘அண்ட்’டை நடுவில் வைத்துப் பழகியவர்கள், ‘உம்’மை ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒட்டக் கற்க வேண்டியிருந்தது. அவர்கள் அப்படிப் பழகினார்கள் என்றால், நாமும் இப்படிப் பழகலாம்.

சின்ன டெஸ்ட்!

1. ‘அவனுக்கு ஹிந்தியும் தெரியாது, தெலுங்கும் தெரியாது.’ ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

2. “ஐ ஹாவன்ட் ஈட்டன் யெட்” என்கிறார் தோழி. நீங்களும் சாப்பிடவில்லை. பதில்?

3. “யூ டோன்ட் ஹாவ் எனி அதர் லோன்?” என்கிறார் பேங்க் மேனேஜர். உங்களுக்கு வேறு கடன் இல்லை. பதில்?

விடைகள்: 1. ஹி நோஸ் நீதர் ஹிந்தி நார் தெலுகு. 2. நீதர் ஹாவ் ஐ. 3. நோ, ஐ டோன்ட்.

மூன்றும் சரி என்றால் சபாஷ். மூன்றாவது மட்டும் தப்பு என்றால், மேனேஜர் முன்னால் உட்காரும் முன் வீட்டிலேயே இரண்டு முறை சொல்லிப் பாருங்கள்.