உங்களுக்குத் தெரியுமா? கிட்டார் தந்திக்கும் வயதாகும்!

● அக்கூஸ்டிக் கிட்டாரின் 6 தந்திகளில் மெல்லிய இரண்டும் வெறும் எஃகு. மற்ற நான்கிலும் எஃகுக் கம்பியின் மேல் வெண்கலக் கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அந்தச் சுற்றுகளின் இடுக்கில்தான் தங்கும். தந்தி அதிர்வது மந்தமாகும். புதுத் தந்திக்கே உரிய கணீரென்ற ஒலி மங்கும்.

● அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை. பொன்னிறம் கறுத்துவிட்டதா? விரலை நீளவாக்கில் ஓட்டினால் சொரசொரக்கிறதா? இப்போதுதான் சுருதி கூட்டினோம், அதற்குள் இறங்கிவிட்டதா? மாற்ற நேரம் வந்துவிட்டது.

● கண்ணுக்குத் தெரியாத தேய்மானமும் உண்டு. தந்தியின் அடிப்பக்கத்தை விரல்நுனியால் தடவுங்கள். ஃபிரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பட்ட இடங்களில் சிறு பள்ளங்கள் தட்டுப்படும்.

● 12ஆவது ஃபிரெட் தந்தியைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. அங்கே அழுத்தி மீட்டினால், அழுத்தாமல் மீட்டும்போது வரும் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டும். நேற்றுவரை சரியாக ஒலித்த கிட்டார் இன்று பிசகினால், முதலில் பழைய தந்தியைச் சந்தேகியுங்கள்.

● தினமும் வாசிப்பவர்கள் 1 முதல் 3 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அதிகம் வியர்க்கும் கைகளுக்கும், உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களுக்கும் இந்தக் கெடு இன்னும் குறையும். மெல்லிய பூச்சு கொண்ட தந்திகள் கூடுதல் நாள் உழைக்கும்.

ஆயுளைக் கூட்டும் எளிய வழி: கை கழுவிவிட்டு வாசியுங்கள், முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடையுங்கள்.