மௌனம் சம்மதமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்பது நம் இல்லங்களில் பெண் பார்க்கும் நாளன்று பெரியவர்கள் சொல்லும் வாசகம். மண விஷயத்தில் அது பொருந்துமோ பொருந்தாதோ, நாடாளும் விஷயத்தில் அதை நம்பியவர் ஏமாந்தே தீருவர். இந்த உண்மையை நம் தேசத்திற்கு உணர்த்தியது 1977-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல். தேர்தல் நெருங்கும்போதெல்லாம், "மக்கள் வாய் திறக்கவில்லையே, ஆகவே திருப்தியாகத்தான் இருக்கிறார்கள்" என்று அன்பர் சிலர் கூறக் கேட்கிறோம். ஆதலின் அவ்வரலாற்றை ஒருமுறை நினைவுகூர்தல் நலமாகும்.

இந்திரா காந்தி அம்மையார் 1966 ஜனவரியில் பிரதமரானார். 1971-இல் வறுமையை ஒழிப்போம் என்று முழங்கி 352 இடங்களை வென்றார். அவ்வாண்டின் இறுதியில் நிகழ்ந்த போரில் பெற்ற வெற்றி அவர் புகழை வானளாவ உயர்த்திற்று. ஆயினும் புகழ் அடுப்பை எரிப்பதில்லை. மகாராஷ்டிரத்தை 1972-இல் கொடிய வறட்சி வாட்டியது; விலைவாசி நாளுக்கு நாள் ஏறிற்று. பம்பாயில் மிருணாள் கோரே, அகல்யா ராங்ணேகர் முதலிய மாதரசிகள் முன்னின்று நடத்திய கிளர்ச்சியில், இல்லத்தரசிகள் தட்டும் சப்பாத்திக் குழவியும் ஏந்தி வீதிக்கு வந்தனர். அதிருப்தி முதன்முதலில் ஒலித்தது அரசியல் மேடையில் அன்று, சமையலறையில்தான்.

அவ்வொலியைக் கேட்கச் சொன்னவர் ஒருவர் நம் புனே நகரின் பிரதிநிதியாகவே இருந்தார். காங்கிரஸ் சார்பில் வென்று ராஜாங்க மந்திரியாயிருந்த மோகன் தாரியா, ஜெயப்பிரகாச நாராயணருடன் பேச்சு நடத்துதல் நன்று என்று எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1975 மார்ச்சில் அவர் பதவி பறிக்கப்பட்டது. குற்றங்கண்டு இடித்துரைக்கும் துணை ஆள்வோர்க்கு இன்றியமையாதது என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்க, இடித்துரைத்தவர் வெளியேற்றப்பட்டார்.

1975 ஜூன் 12-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமரின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்தோர்க்குச் சிறை. நம் எரவாடா சிறையிலும் பலர் அடைக்கப்பட்டனர். 1976-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தலும் தள்ளிப் போயிற்று.

அந்நாளில் நாம் எவ்வாறு இருந்தோம்? உண்மையைச் சொல்லுவோம். எமது குடியிருப்பில் அடுத்த வீட்டு மராத்தியப் பெரியவரை ஒரு விடியற்காலையில் அழைத்துச் சென்றனர். அவ்வீட்டு அம்மையார் மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது நாம் தலை குனிந்து விலகினோம். நம்மவரிற் பலர் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர். பிழைக்க வந்த ஊரில் நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டோம். வெளியிலிருந்து பார்த்தவர்க்கு நாம் திருப்தியுற்ற குடிகளாகவே தோன்றியிருப்போம். அம்மௌனம் சம்மதம் அன்று, அச்சம்.

1977 ஜனவரி 18-இல் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஐந்தே நாட்களில் ஜனதா கட்சி உருவாயிற்று; அக்கட்சிகளை இணைக்கப் பாடுபட்டவர்களுள் புனேவாசியான எஸ். எம். ஜோஷி முக்கியமானவர். மராத்தியரின் உள்ளங்கவர்ந்த நகைச்சுவை எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயும் மேடையேறிப் பேசினார். மார்ச் 20 இரவு முடிவுகள் வரத் தொடங்கின. உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூடக் கிட்டவில்லை. ரேபரேலியில் பிரதமரே தோற்றார். சிறை சென்று மீண்ட மோகன் தாரியா புனேயில் வென்றார். குழவி ஏந்திய மிருணாள் கோரேயும் அகல்யா ராங்ணேகரும் பம்பாயில் வென்று பாராளுமன்றம் புகுந்தனர்.

ஆனால் தமிழகத்தில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே அண்ணா தி.மு.க.வும் காங்கிரஸும் சேர்ந்த அணி 39 இடங்களில் 34-ஐக் கைப்பற்றியது. ஊரிலிருந்து எம் தமக்கையார், "இங்கே ரயில்கள் நேரத்திற்கு வருகின்றன, நீங்கள் ஏன் இப்படிக் கொதிக்கிறீர்கள்?" என்று எழுதினார். நாம் வருந்திப் பதில் எழுதவில்லை. சில மாதங்கள் கடிதப் போக்குவரத்தே நின்றது. பின்னர் சிந்தித்தபோது எம் பிழை விளங்கிற்று. கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் கொடுமை வட மாநிலங்களைத் தாக்கிய அளவு தெற்கைத் தாக்கவில்லை. அங்கு மக்கள் முன்பிருந்த கேள்வி, 1976-இல் கலைக்கப்பட்ட தி.மு.க. ஆட்சியையும் எம்.ஜி.ஆரையும் பற்றியது. வடநாட்டார் தம் வாசலில் கண்டதை வைத்து வாக்களித்தனர். தமக்கையாரும் தம் வாசலில் கண்டதை வைத்தே வாக்களித்தார். இருவரும் அறியாமல் செய்தவர் அல்லர். தணிக்கைதான் ஒருவர் துயரை மற்றவர் அறியாதபடி மறைத்தது.

மூன்றாண்டுகளுக்குள் ஜனதா ஆட்சி உட்பூசலால் சிதைந்தது. 1980-இல் அதே அம்மையார் 353 இடங்களுடன் மீண்டார். புனேயும் காங்கிரஸின் வி. என். காட்கிலைத் தேர்ந்தெடுத்தது. எனவே மக்கள் கோபம் நிரந்தரப் பகை அன்று. அது ஒரு கணக்குத் தீர்ப்பு. தவறு செய்தவர் எவராயினும் கணக்குக் கேட்பர்; திருந்தினார் என நம்பினால் மறுபடியும் வாய்ப்பளிப்பர்.

இதனின்று நம் குடும்பங்கள் கொள்ள வேண்டிய பாடம் யாது? ஊர்விட்டு வந்த நம்மில் பலருக்கு ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கும், போக இயலாது. இங்கு வாழ்வு இருக்கும், பட்டியலில் பெயர் இராது. இரண்டு இடங்களில் பதிந்துகொள்ளச் சட்டம் இடந்தருவதில்லை. வாழும் இடத்தில் பதிந்துகொள்ளத் தடையும் இல்லை. வாயால் பேச அஞ்சிய காலத்திலும் கோடிக்கணக்கான எளியோர் வாக்குச் சீட்டால் பேசினர். அதுவும் இல்லாதவனின் மௌனத்தை எவர் வேண்டுமானாலும் தமக்குச் சம்மதமாக எழுதிக்கொள்வர்.

அடுத்த வீட்டு அம்மையாரிடம் தேர்தலுக்குப் பிறகுதான் நாம் பேசினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, தேநீர் தந்தார். அந்தத் தேநீரின் சூடு எம் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை.